ஒரு சாண் மரச்சீவல்

பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது விளக்கைப் பற்றித்தான். எத்தனை வாட், எந்தப் பக்கம் மாட்ட வேண்டும், இரவில் அணைக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். அடியில் என்ன பரப்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பாம்பின் வயிறு வாழ்நாள் முழுக்க அந்தப் படுக்கையின் மேல்தான் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் கேட்டீர்கள், மேடம். அதனால்தான் இந்த விசாரணையில் இதுவரை வாய் திறக்காமல் இருந்தவன் இன்று பேசுகிறேன்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். பாம்புப் பெட்டிக்குள் ஏன் அந்தப் படுக்கை? கடைசியாக வந்த போனில் என் மனைவியிடம் என்ன சொன்னேன்? முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது விளங்காமல் இரண்டாவது விளங்காது. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் என்னால் பேச முடியும். ஆனால் ஒரு சொல் பிசகினால் முழுதும் கோணலாகிவிடும், என் தொழிலில் அதற்கு இடமில்லை. தமிழிலேயே சொல்கிறேன், பிளோறன்ஸ் அக்கா மொழிபெயர்ப்பார். அவருடையது யாழ்ப்பாணத் தமிழ், என்னுடையது கரூர்த் தமிழ். சற்று முன்பு எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "அவசரப்படாதேங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். நான் அவசரப்படுகிறவன் இல்லை.

என் பெயர் ஜெயச்சந்திரன். எர்லாங்கனில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி எப்படியெல்லாம் பழுதாகும், பழுதானால் யாருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் மனைவி சாருலதா திருச்சியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டு என்னோடு இங்கே வந்தாள். விடு என்று நான் சொல்லவில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவளை எதையும் செய் என்றும் சொன்னதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை.

பாம்பு அல்பேர்ட் கொடுத்தது. எங்கள் பிரிவில் வேலை பார்த்தவர், போன இலையுதிர்காலத்தில் கனடாவுக்குக் கிளம்பும்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். ராஜ மலைப்பாம்பு என்று அதற்குப் பெயர். பெயரில்தான் ராஜா, சுபாவத்தில் கோழை. தொட்டால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். விஷம் கிடையாது. என் கை நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். நான் வளர்க்கிறேன் என்றேன். ஒரு துணிப்பையில் போட்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாருவுக்குப் பாம்பு என்றால் உயிரே போய்விடும். டி.வி.யில் வந்தாலே காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்வாள். விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், பூச்சி என்பாள். தெரிந்திருந்தும் ஏன் கொண்டுவந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பழகினால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அவள் அதைத் திருப்பி அனுப்பியிருப்பாள். அவளுடைய அம்மாதான் தடுத்துவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. சாருவின் ஜாதகத்தில் நாக தோஷம் என்று யாரோ சொல்லி, என் மாமியார் சரளா திருநாகேஸ்வரத்துக்கும் புற்றுக் கோயில்களுக்கும் நடையாய் நடந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பாம்பு வந்த கதையைக் கேட்டதும் போனிலேயே அழுதுவிட்டார். "தானா தேடி வந்திருக்கு மாப்ள. வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல வச்சுக் காப்பாத்துங்க, அது கண்ணத் தொறக்கும்" என்றார். அது தானாகத் தேடி வரவில்லை, நான் பஸ் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தேன். பெரியவர்களைத் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை.

பிப்ரவரியில் சாரு கர்ப்பமானாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது வெறும் பாம்பாக இல்லை. அவளுடைய பயம் துளியும் குறையவில்லை, ஆனால் பயத்தோடு கும்பிடத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் வைப்பாள், அதுவும் கையை நீட்டித் தரையில் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் பாம்புக்கு யாரும் கெடுதல் செய்யக் கூடாது, செய்தால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிளோறன்ஸ் அக்காவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது படுக்கை. இந்த வகைப் பாம்புக்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் சட்டை முழுசாக உரியாது, கண்ணின் மேல் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தேங்காய் நார்த்தூள்தான் சரி. செங்கல் மாதிரி அழுத்தி விற்பார்கள், தண்ணீர் ஊற்றினால் வாளி நிறையப் பொங்கும். முதல் தடவை வாங்கிவந்தபோது சாரு உறையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, இதுல பொள்ளாச்சின்னு போட்டிருக்குங்க. நம்மூர்ல ரோட்டோரம் கொட்டி வச்சிருக்கறத யூரோ குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம்.

மணல் கூடாது, இரையோடு வயிற்றுக்குள் போய்விடும். தேவதாரு கூடாது, அதன் எண்ணெய் வாசனை நுரையீரலைக் கெடுக்கும். செய்தித்தாள் விரிக்கலாம், பார்க்க நன்றாயிராது. வாசனையே இல்லாத வெளிர் மரச்சீவல் என்று ஒன்று விற்கிறார்கள். பஞ்சு போல லேசானது, உள்ளே குடைந்துகொண்டு போனால் வழி மூடாமல் அப்படியே நிற்கும். வறண்ட இடத்துப் பாம்புகளுக்கு அது அருமையான படுக்கை. ராஜ மலைப்பாம்புக்கு ஆகாது. ஈரம் தெளித்தால் பூஞ்சை பிடிக்கும், தெளிக்காவிட்டால் பாம்பு காய்ந்துபோகும். உங்கள் தீ நிபுணர் அது தப்பான படுக்கை என்று எழுதியிருக்கிறார். சரியாகவே எழுதியிருக்கிறார். அது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நார்த்தூளை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினால் போதும். அதன் மேல் பாம்பு எங்கே கிடந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதுதான் பின்னால் எனக்குத் தொந்தரவானது.

பெட்டியை நடைவழியில் வைத்திருந்தோம். படுக்கையறையிலிருந்து வெளிக்கதவுக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு இடத்தில் பிளக் வசதியாக இல்லை.

மார்ச்சில் லைப்சிக்கிலிருந்து சாருவுக்கு அழைப்பு வந்தது. ஒரு ஆராய்ச்சிக்கூடம். கர்ப்பம் தெரிவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, சனி ஞாயிறு இங்கே, பிரசவத்துக்கு விடுப்பு, பிறகு மறுபடி வேலை என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். அன்று நானே வத்தக்குழம்பு வைத்து அவளுக்குப் பரிமாறினேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், என்னைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், மிகவும் பயமாக இருந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்களோடு அவள் போனில் பேசும்போது அவளுக்கு வேறு ஒரு குரல் வந்தது. துணிச்சலான, வேகமான குரல். ஆறு வருடத்தில் என்னிடம் அந்தக் குரலில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கே போனால் அந்தக் குரல்காரி திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டவன் இல்லை.

லைப்சிக்குக்கு நேர்காணலுக்குப் போக வேண்டிய நாள் காலையில் பாம்பு நிஜமாகவே தப்பித்துவிட்டது. நிஜமாகவே என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். முந்தின நாள் தண்ணீர் மாற்றிவிட்டு, பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியை நான் சரியாக நகர்த்தி மூடவில்லை. சாரு கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவில்லை. கிளம்ப வேண்டிய உடுப்போடு, மடியில் கைப்பையோடு அன்று முழுதும் அப்படியே இருந்தாள். ரயில் போய்விட்டது. சாயங்காலம் குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தேன். பந்தாகச் சுருண்டு அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தது.

சாப்பிடும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க இல்லன்னா நான் செத்தே போயிருப்பேங்க" என்றாள். அப்படி ஒரு சொல்லை அதுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதிர்பாராமல் ஒன்று நடந்தால், அதே நிலைமையை மறுபடி உண்டாக்கி மறுபடியும் நடக்கிறதா என்று பார்ப்போம்.

அடுத்த வாரம் நார்த்தூளை அள்ளிக் கொட்டிவிட்டு மரச்சீவல் வாங்கிவந்தேன். ஈரமான நாரின் வாடையில் உனக்குக் குமட்டுகிறது இல்லையா, அதனால் மாற்றுகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை, மசக்கையில் அவளுக்கு எல்லா வாடையும் குமட்டியது. ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினேன். "இவ்ளோ எதுக்குங்க?" என்றாள். அதற்குப் புதைந்து தூங்கப் பிடிக்கும் என்றேன். ஒரு சாண் சீவலுக்குள் ஒரு பாம்பு புதைந்துகொண்டால் மேலே ஒரு சுவடும் தெரியாது. பாம்பு வெளியே போய்விட்ட பெட்டியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கிறது என்று நான் சொன்னால் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் இல்லை. மேடம், உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

லைப்சிக்காரர்கள் அவளை விடவில்லை. வீடியோவில் பேசி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும்.

அதற்கிடையில் பாம்பு சில நாட்களில் காணாமல் போயிற்று. ஜெர்மன் வகுப்பில் தேர்வு வைத்த நாளில் போயிற்று. அவளுடைய கல்லூரித் தோழி நியூரம்பெர்க் வந்து இறங்கிய நாளில் போயிற்று. மருத்துவரைப் பார்க்கும் நாட்களில் ஒருபோதும் போனதில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நானே லீவு போட்டுக் கூட்டிப்போனேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காணாமல் போன நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தோம். அவள் படுக்கையறைக்குள் இருந்துகொண்டு கதவின் அடியில் துண்டைச் செருகிவிடுவாள். உள்ளே தண்ணீரும் பிஸ்கட்டும் பழமும் வைத்துவிட்டுப் போவேன். அறையோடு ஒட்டிய சின்னக் கழிவறை இருந்ததால் சிரமமில்லை. நான் பெட்டியின் கண்ணாடியைத் திறந்து வைத்து, விளக்கை எரியவிட்டுவிட்டு அலுவலகம் போவேன். சூட்டைத் தேடி அது தானாகத் திரும்பி வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். விளக்கு எரிந்தால் அவளுக்கும் ஒரு தைரியம். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் ஒரு சுற்றுத் தேடிவிட்டு, கிடைத்துவிட்டது என்பேன். அவள் கதவைத் திறந்துகொண்டு வருவாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் சைக்கிளை வேகமாக மிதித்து வருவேன்.

ஒரே ஒரு தடவை அவள் சந்தேகப்பட்டாள். "நெஜமா உள்ளதான் இருக்கா? எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு மணிக்கட்டு மறையும் வரை சீவலுக்குள் கையை விட்டேன். "இதோ இருக்கு. குளிர்ந்து கெடக்கு, தூங்குது" என்றேன். அவள் நடைவழியின் கோடியில் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைப் பாலை மறுநாள் காலையில் வந்து பார்ப்பாள், குறைந்திருக்கிறதா என்று. குறைந்திருந்தால் அன்று முழுதும் சந்தோஷமாக இருப்பாள், அவளுடைய அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்வாள். பாம்பு பால் குடிக்காது என்பது நுண்ணுயிரியல் படித்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பார்ப்பாள். அதனால் நான் அவளுக்கு முன்னால் எழுந்து அந்தப் பாலில் பாதியைக் குடித்துவிடுவேன். அவளைச் சந்தோஷமாக வைத்திருக்க நான் எவ்வளவோ செய்தேன்.

கீழ்மாடியில் குமுதினி என்று ஒரு அக்கா இருக்கிறார், அவருடைய வாக்குமூலத்தை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை, யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோருக்கும் அக்கா. மே மாதம் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"தம்பி, சாருவை வெளியால காணேல்லை. சுகமில்லையோ?"

"மசக்கை அக்கா. ரெஸ்ட் எடுக்கறா."

"அஞ்சாம் மாதத்திலயும் மசக்கையோ? கொஞ்சம் நடக்கவிடுங்கோ தம்பி. பிள்ளைத்தாய்ச்சி அறைக்குள்ள கிடந்தா ஏலாமப் போயிடும்."

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதோடு நிற்கவில்லை. சாருவிடம் போனில் பேசி, பாம்பு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டால் அவர்களே வந்து பிடித்துத் தருவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். சாரு என்னைக் கேட்டாள். "கூப்பிடலாம். ஆனா அவங்க இடுக்கியில கழுத்தப் புடிச்சு இழுப்பாங்க. நசுங்கினாலும் நசுங்கிடும். உன் இஷ்டம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் தீயணைப்புப் படை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு தடவைதான் சொன்னேன். மீதியை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஜூலையில் லைப்சிக் போய் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குமுதினி அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே அவளுக்கு அறை பார்த்து வைத்திருந்தார். அக்கா லீவு போட்டுக் கூடவே ரயிலில் போவதாக ஏற்பாடு. சாரு நீலப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள்.

காலையில் காப்பி குடிக்கும்போது, பெட்டியின் கண்ணாடி திறந்து கிடக்கிறது என்றேன்.

அன்று அவள் அழவில்லை. அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது. "என்னத் தூக்கிட்டுப் போய் வாசல்ல விட்டுடுங்க. நான் போயிடறேன்" என்றாள். அந்த லைப்சிக் குரலில் சொன்னாள். "சரி, வா. ஆனா கதவைத் தொறக்கும்போது அது படிக்கட்டுக்குப் போயிட்டா, யாராவது மிதிச்சுட்டா, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்றேன். அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டு செருகும் சத்தமும், இன்று வரவில்லை என்று குமுதினி அக்காவுக்கு போனில் சொல்வதும் கேட்டது. அந்தக் கதவுக்கு நான் ஒருபோதும் பூட்டுப் போட்டதில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள், சாவி அவள் பக்கம்தான் இருந்தது.

அவள் கேட்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் கையை விட்டுப் படபடவென்று கிளறித் தேடினேன். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிளறினேன், அவள் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சீவல் ஒரு பக்கமாகக் குவிந்தது, விளக்கு இருக்கும் பக்கம். விளக்கைச் சுற்றி ஒரு கம்பிக் கூடை இருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். காய்ந்த சீவல், மூடியில்லாத விளக்கு, பலகையில் செய்த பெட்டி. அலுவலகத்தில் இப்படி ஒரு அமைப்பை யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் ஒரே பார்வையில் சிவப்பு முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு விளக்கைப் போட்டேன். வெயில் கொளுத்தியதால் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ரோலாடன் என்ற சுருள் தடுப்பைச் சாரு பொத்தானை அழுத்தி இறக்கிவிட்டிருந்தாள், இங்கே எல்லோரும் செய்வதுதான். கரண்ட் போனால் அந்தத் தடுப்பு மேலே ஏறாது என்பதும் எனக்குத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. போன் வந்த நேரமும், எவ்வளவு நேரம் பேசினோம் என்பதும் உங்களிடம் பதிவாக இருக்கிறது. என்ன பேசினோம் என்பது இல்லை. நான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். உள்ளதையே சொல்கிறேன்.

நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வெளியே வந்து எடுத்தேன். பின்னால் புகை அலாரம் கத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, கருகற வாட வருது. கதவுக்கு அடியில பொகை வருதுங்க. கரண்டும் போயிடுச்சு, ஜன்னல் ஏற மாட்டேங்குது."

"பதறாத."

"நான் வெளிய ஓடிடறேன். அது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நான் மிதிக்காம ஓடிடறேன்."

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது நியூரம்பெர்க்கில் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு உயிரியல் ஆசிரியரின் வீட்டில், மார்ச் மாதக் கடைசியிலிருந்து.

பெட்டிச் சாம்பலில் ஒரு எலும்புகூட இல்லை, வீட்டில் எங்கேயும் இல்லை, உறைபெட்டியில் இரைக்கு ஒரு எலிகூட இல்லை என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். ஒன்று இந்த மனிதனுக்குப் பாம்பைப் பற்றி எதுவும் தெரியாது, அல்லது இந்தப் படுக்கையில் பாம்பே படுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர். சீவல் மாற்றிய அதே வாரம் பாம்பைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் நடைவழியில் இருந்தது ஒரு சாண் மரச்சீவலும் ஒரு விளக்கும்தான்.

கொஞ்சம் பொறுக்கிறேன், மேடம். பிளோறன்ஸ் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு ஏலாமக் கிடக்கு" என்கிறார். தண்ணீர் குடியுங்கள் அக்கா. நான் ஆறுதலாகவே சொல்கிறேன்.

வெளியே ஒன்றுமில்லை, ஓடு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் இழுத்தேன். அப்புறம் யோசித்தேன். ஓடிவிடுவாள், பிழைத்துவிடுவாள். பிழைத்ததும் எப்போதிலிருந்து இல்லை என்று கேட்பாள். அந்தத் துண்டு செருகிய ஒவ்வொரு நாளையும், அந்தப் பாலையும், நான் கையை விட்டுக் காட்டியதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பாள். பிறகு என் பிள்ளையோடு லைப்சிக் போவாள், அந்தக் குரலில் என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவாள். இதையும் புகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புகை சின்னதாக இருக்கும் என்று நம்பினேன் என்று சொல்ல எனக்கு வழியிருக்கிறது. ஆனால் என் தொழில் உங்களுக்குத் தெரியும்.

"தெரியலடி. வாசல் பக்கம் இருக்கலாம். கதவைத் தொறக்காத, துண்ட நனச்சு வை. நான் வர்றேன்" என்றேன்.

"சீக்கிரம் வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

மீதி குமுதினி அக்கா சொன்னது. பயணத்துக்காகப் போட்ட லீவில் வீட்டில் இருந்தவர், அலாரம் கேட்டு மேலே ஓடிவந்து வெளிக்கதவைத் தட்டியிருக்கிறார். "பிள்ளை, திற! இல்லாட்டி உடைக்கச் சொல்றன்" என்று கத்தியிருக்கிறார். உள்ளே இருமலுக்கு நடுவே சாருவின் குரல் வந்திருக்கிறது. "ஒடைக்காதீங்கக்கா. அது வாசல்லதான் இருக்காம். அடிபட்டுடும்" என்று சொல்லியிருக்கிறாள்.

தீயணைப்புப் படையினர் உள்ளே போனபோது நெருப்பு நடைவழியைத் தாண்டவில்லை. படுக்கையறைக்குப் புகை மட்டும்தான் போயிருந்தது. துண்டு நனைந்து, மூலைகூட விலகாமல் ஒழுங்காகச் செருகியிருந்ததாம். சாரு எதையும் நேர்த்தியாகச் செய்வாள். நான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வழியில் சிக்னல் சிவப்பாக இருந்தது, நின்றேன். அந்தப் பக்கம் வண்டி எதுவும் வரவில்லை, இருந்தாலும் நின்றேன்.

அவளைக் கொன்றது நான்தான். இப்படித்தான் எழுத வேண்டும் என்றால் இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அந்த ஆசிரியர் நல்ல மனிதர். நார்த்தூள் இரண்டு விரல் உயரம் பரப்பி வைத்திருக்கிறார், போன மாதம் படம் அனுப்பினார், சட்டை முழுசாக உரித்திருக்கிறது. கம்பிக் கூடையையும் நான் அதோடு கொடுத்தனுப்பிவிட்டேன், பாம்புக்குச் சூடு பட்டுவிடக் கூடாது என்பதற்காக. பாம்பை ஏன் கொடுத்தாய் என்றுதானே அடுத்துக் கேட்கப்போகிறீர்கள்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மேடம். உண்மையிலேயே ஒரு நாள் அது வெளியே வந்து, அவள் பயந்து கீழே விழுந்து, வயிற்றில் அடிபட்டால் என்ன ஆவது? பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில், மனசாட்சி உள்ள எவனாவது பாம்பை வைத்திருப்பானா?